பாதிப் படம் நாடகமா? போதவில்லை!

கேள்வி: எங்கள் ஊரில் டி.பி.ராஜலட்சுமியைப் பற்றி ஓர் ஆவணப்படம் போட்டார்கள். தமிழின் முதல் பேசும்பட நாயகி, தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று ஆசையாகப் போனால், பாதிப் படம் நாடகக் கம்பெனிக் கதையாகவே ஓடியது. சினிமாவில் சாதித்தவருக்கு எதற்கு இவ்வளவு நாடகம்?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பாதிதானா என்பதுதான் என் வருத்தம்.

1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று கிடையாது. 1936-ல் அவரே எழுதி, தயாரித்து, இயக்கிய ‘மிஸ் கமலா’வும் கிடையாது. கையில் இல்லாத படத்திலிருந்து எந்தக் காட்சியை எடுத்துப் போடச் சொல்கிறீர்கள்?

சரி, படங்கள் கிடைத்திருந்தாலும் என் பதில் இதுதான். திருவையாற்றில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள், அது முறிந்துபோனது. குடும்பத்தைக் காப்பாற்ற நாடகத்துக்கு வந்து, திருச்சியில் சாமண்ணா கம்பெனியில் சேர்ந்தார். பெண் மேடையேறினால் ஊர் என்னவெல்லாம் பேசும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மைக் இல்லாத கொட்டகையில், தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி பாட வேண்டும். பாட்டு எடுபடவில்லை என்றால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். ஒரு காட்சியை எங்கே நீட்டலாம், எங்கே வெட்ட வேண்டும் என்பதை அவர் கற்றது அங்கேதான். பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாடே வராத காலம் அது. கேமரா முன்னால் நடிப்பவரேதான் பாட வேண்டும். அதனால்தான் பேசும் படம் வந்ததும் பம்பாய்ப் படக் கம்பெனிக்காரர்கள் நாடக மேடையில் ஆள் தேடினார்கள். ‘காளிதாஸ்’ நாயகன் தெலுங்கில் பேச, இவர் தமிழில் பேசினார். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டையைப் புகழும் பாட்டும் அந்தப் படத்தில் இருந்தது. மேடையில் ஜனங்கள் கேட்டுக் கேட்டு ரசித்த வகைப் பாட்டு!

அந்தப் பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்தில் வாழ்ந்தவர். ஸ்பெஷல் நாடகக்காரர்கள் (ஒரே கம்பெனியில் இல்லாமல், நாடகத்துக்கு நாடகம் தனித்தனியாக வந்து சேர்ந்து நடிப்பவர்கள்) இன்றும் வாத்தியாராகக் கும்பிடும் சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்தது தூத்துக்குடிக்குப் பக்கத்தில். அன்றைக்கு அதெல்லாம் நம் திருநெல்வேலி ஜில்லா. மேடையில் பாடி நடித்துப் புகழ்பெற்ற எஸ்.ஜி.கிட்டப்பாவோ செங்கோட்டைக்காரர். 1933-ல், முப்பது வயதுகூட ஆகுமுன் போய்விட்டார். ஒரு படத்திலும் நடிக்கவில்லை. இசைத்தட்டு இல்லையென்றால் அந்தக் குரலே நமக்கு இல்லை.

ஆக, நாடகக் கம்பெனிக் கதை உங்களுக்கு அந்நியமானது இல்லை. பங்குனிப் பொங்கலுக்குக் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் ஒரு தடவை ஸ்பெஷல் நாடகம் பாருங்கள். ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் (கோமாளி) இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, அரிதாரம் பூசி, ராத்திரி ‘வள்ளி திருமணம்’ நடத்துவார்கள். முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது ஆர்மோனியக்காரரின் கை நடிகரின் வாயைப் பார்த்தே நகரும். எந்தச் சுருதியில் எடுப்பார், எங்கே வசனத்தை விட்டுப் பாட்டுக்குத் தாவுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ராஜலட்சுமி எப்படிப்பட்ட மேடையிலிருந்து வந்தார் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி கிடைக்காது. ஆவணப்படத்தில் குறை சொல்வதென்றால், இப்படி ஒரு ராத்திரியைக்கூட அதில் காட்டினார்களா என்று கேளுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டுப் பரணிலோ பழைய நாடக நோட்டீஸ் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யார் என்ன வேஷம், ஆர்மோனியம் யார், நாற்காலி, பெஞ்சு, தரைக்கு என்ன கட்டணம் என்று எல்லாமே அதில் அச்சாகியிருக்கும். படம் பிடித்து நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.