அம்மாவுக்கு லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சின்ன ஓட்டை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) கர்ப்பப்பை எடுக்க ஒன்றரை மணி நேரம் என்றார்கள், நான்கு மணி நேரம் ஆனது. டாக்டருக்கு அனுபவம் போதாதா?

அந்த நான்கு மணி நேரத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. உங்கள் அம்மாவுக்கு சிசேரியன் ஆகியிருக்கிறதா, கட்டி எவ்வளவு பெரிது என்று கேள்வியில் எதுவும் இல்லை. ஆனால் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து வயிறு கலங்கியிருப்பீர்கள் என்பது தெரிகிறது. பக்கத்தில் இருந்த சொந்தக்காரர் யாராவது "இந்நேரம் முடிஞ்சிருக்கணுமே" என்று கிளப்பியும் விட்டிருப்பார். எங்களுக்கும் அதுதான் நடந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. அவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஏற்காட்டில், நாகலூர் பக்கம். காப்பித் தோட்ட வேலை. தீட்டு வந்தால் வாரக்கணக்கில் நிற்காது. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ரத்தம் குறைந்து, மேட்டில் நாலடி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்படியிருந்தும் "பழம் பறிச்சு முடியட்டும்" என்றாள். சேலத்தில் ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பை 14 வாரக் கர்ப்பம் அளவுக்கு வீங்கியிருந்தது, பக்கவாட்டில் பெரிய ஃபைப்ராய்டு, அதாவது கேன்சர் இல்லாத சதைக்கட்டி வேறு. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். முதலில் ரத்தம் ஏற்றினார்கள், பிறகு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

"ரெண்டு மணி நேரம் ஆகலாம், உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. மாமா காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. காலையில் உள்ளே கூட்டிப்போனவர்கள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவின் மாமியார் சேர்வராயன் சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். மாமா வாட்ச்மேனிடம் சண்டைக்கே போய்விட்டார்.

கடைசியில் டாக்டரம்மா எவர்சில்வர் ட்ரேயோடு வெளியே வந்தார். அதில் துண்டு துண்டாகச் சதை. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் பார்த்தேன். "சாதாரணமா 60, 70 கிராம்தான் இருக்கும்மா. இது அரைக் கிலோவுக்கு மேல. கீழ்வழியா முழுசா வராது, பைக்குள்ள போட்டு நறுக்கித்தான் எடுத்தோம்" என்றார். முன்பெல்லாம் இதை மெஷினில் விறுவிறுவென்று அரைத்து எடுப்பார்களாம். கட்டிக்குள் தெரியாமல் கேன்சர் இருந்தால் வயிறு முழுக்கச் சிதறிவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. பைக்குள் வைத்து நறுக்குவது அந்த பயத்தால்தான். நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

அதைவிட அதிக நேரம் எடுத்தது சிசேரியன் தழும்பு. மூத்திரப்பை கர்ப்பப்பையின் முன்பக்கம் அப்பிக் கிடந்திருக்கிறது. சுவரில் காய்ந்துபோன போஸ்டரைக் கிழியாமல் உரிப்பது மாதிரிதான் அந்த வேலை. பிரித்து முடித்த பிறகு நீல மருந்து கலந்த தண்ணீரை மூத்திரப்பைக்குள் விட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்த்தார்களாம். கிட்னியிலிருந்து மூத்திரம் இறங்கும் குழாயும் கர்ப்பப்பை வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் பக்கத்தில்தான் போகிறது. ரத்தக்குழாயை அடைக்கும்போது அதில் சூடு பட்டுவிடக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்படாத டாக்டர் கிடைத்தது அக்காவின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

"எங்க சித்திக்கு முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுதே" என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். சித்திக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கும், எல்லாம் சுகப்பிரசவமாக இருந்திருக்கும், வயிற்றில் ஓட்டை போடாமல் கீழ்வழியாகவே எடுத்திருப்பார்கள். அந்தக் கணக்கை இதோடு ஒப்பிடாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான சதை அதற்கு வெளியே வளரும் நோய் இருந்தால் குடலே ஒட்டியிருக்கலாம். உடம்பு கனமாக இருந்தால், தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து வயிற்றில் கேஸ் நிரப்பும்போது மூச்சு கொடுப்பதே மயக்க டாக்டருக்குச் சிரமம். சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் அது தனி வேலை. நிறைய செய்த டாக்டருக்குக் கை வேகமாக ஓடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆபரேஷன் நீண்டால் தொற்று, ரத்தம் உறைதல் ஆபத்து கூடும் என்பதும் உண்மைதான்.

இன்னொன்று, உங்கள் நான்கு மணி நேரம் கதவு சாத்தியதிலிருந்து எண்ணியது. மயக்கம் கொடுப்பது, மூத்திரக் குழாய் போடுவது, பிறகு மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்வரை பார்த்துக்கொள்வது எல்லாம் அதற்குள் அடக்கம். டாக்டர் சொன்ன ஒன்றரை மணி நேரம் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு மட்டும்தான்.

என் கோபம் இதுதான். மணிக்கு ஒரு தடவை ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்து "நல்லா இருக்காங்க, கொஞ்சம் ஒட்டியிருக்கு, லேட்டாகும்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? இத்தனை பில் போடுகிறார்கள், அதில் இந்த ஒரு வரி கிடையாதா?

கோபம் என்றதும் இன்ஷூரன்ஸும் நினைவுக்கு வருகிறது. டிஸ்சார்ஜ் கேட்டு மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ 2024இல் உத்தரவு போட்டிருக்கிறது. எங்களைக் காலையிலிருந்து இருட்டும்வரை உட்காரவைத்தார்கள். தையல் போட்ட வயிற்றோடு ஒரு பொம்பளை பெட்ஷீட் எடுத்த கட்டிலில் காத்துக்கிடந்தாள். கேட்டால் "மெயில் வரலைங்க". இருட்டில் 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கூட்டிப்போக முடியாது என்று சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். சண்டை போடாமல் ஆபரேஷன் நோட்ஸையும் மயக்க மருந்துச் சார்ட்டையும் எழுதிக் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, எங்கே ஒட்டியிருந்தது, எவ்வளவு ரத்தம் போனது எல்லாம் அதில் இருக்கும். வேறொரு மகப்பேறு டாக்டரிடம் காட்டினால் இழுத்ததற்குக் காரணம் இருந்ததா என்று சொல்லிவிடுவார். எடுத்த சதையை லேபில் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டையும் மறக்காமல் வாங்கிவிடுங்கள். நடுவில் அம்மாவுக்குக் காய்ச்சல், வயிறு உப்பி வாந்தி, கீழே தண்ணீர் மாதிரி கசிவு, அதிக ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீக்கம், இதில் எது இருந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.