தோல் விரிப்பா? முதலில் புரட்டிப் போடுங்கள்!

கேள்வி: முடியோடு கூடிய மாட்டுத்தோல் விரிப்பு ஒன்று வாங்க ஆசை. விற்பவர்கள் எல்லோருமே 'அசல்' என்றுதான் சொல்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் எதுவும் தெரியாது. செயற்கை முடியும் இப்போது அவ்வளவு வழவழப்பாக வருகிறது. புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசல் தோல் என்றால் மெல்லிய நார் எழும்பிய தோல் தெரியும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது பழுப்பாக இருக்கும். குரோம் உப்பில் பதனிட்டதில் வெளிர்நீலமோ சாம்பலோ ஓடும், சிலர் அதையும் வெளுத்துவிடுவார்கள். நெய்த துணி தெரிந்தால் அது போலி. அடியில் துணி வைத்துத் தைத்து மறைத்திருந்தால், ஓரத்தில் முடியைப் பிரித்து வேரைப் பாருங்கள். அசலில் முடி தோலுக்குள்ளிருந்து முளைத்து நிற்கும். போலியில் வரிசை வரிசையாகக் கொத்துக்கொத்தாய் இழை கோத்திருக்கும்.

முடி படிந்திருக்கும் திசையும் காட்டிக்கொடுக்கும். கழுத்திலிருந்து வாலை நோக்கியும், முதுகிலிருந்து வயிற்றை நோக்கியும் படிந்து, எங்காவது ஒரு சுழி விழுந்திருக்கும். முதுகுப் பகுதி தடிப்பாகவும் வயிற்றோரம் மெலிந்தும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே கனம், ஒரே திசை என்றால் சந்தேகப்படுங்கள். விற்பவர் சம்மதித்தால் நாலைந்து முடியைப் பிடுங்கி, வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி பொசுங்கும் வாடை அடித்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பல் மிஞ்சினால் அது அசல். உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் பிளாஸ்டிக் இழை. பழைய தழும்பு, முள் கீறிய கோடு போன்றவற்றைக் குறையாக நினைக்க வேண்டாம்.

வரிக்குதிரை, சிறுத்தைக் கோலங்களில் வருபவை பெரும்பாலும் மாட்டுத்தோலில் அச்சிட்டவைதான். முடியைப் பிரித்தால் நுனியில் ஒரு நிறமும் அடியில் வேறு நிறமும் தெரியும். அச்சிட்டது என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை.

கேள்வி: வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் முடி கொட்டிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் தடவலாமா?

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம். அழுக்குதான் சேரும். முதல் சில வாரங்கள் அறுந்த முடி உதிர்வது சகஜம். ஆனால் கையால் இழுத்தால் கொத்தாக வந்து, அந்த இடம் வழுக்கையாகிறது என்றால் கோளாறு பதனிடுவதற்கு முன்பே நடந்துவிட்டது. உரித்த தோலுக்கு உடனே உப்பிட்டு ஈரத்தை இறக்காவிட்டால், பாக்டீரியா முடியின் வேரைத் தளர்த்திவிடும். அப்புறம் எவ்வளவு நன்றாகப் பதனிட்டாலும் தளர்ந்த வேர் இறுகாது. அந்த விரிப்பை விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் வழி. அடுத்த முறை வாங்கும்போது கழுத்து, வயிற்றோரம், கால் பகுதி மூன்றிலும் ஒரு சிட்டிகை முடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று இழை வந்தால் பரவாயில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். வழுக்கை திட்டுத் திட்டாக இருந்து, பக்கத்தில் மணல் போன்ற எச்சமும் ரோமம் முளைத்த சின்னக் கூடுகளும் கிடந்தால், கம்பள வண்டின் புழு தின்கிறது என்று பொருள். ஆட்டுத்தோல் அளவு என்றால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து அறைவெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் தோலில் நீர் கோத்துக்கொள்ளும். முழு மாட்டுத்தோல் வீட்டு ஃப்ரீசரில் நுழையாது. அதற்குப் பூச்சி ஒழிப்பவர்களைத்தான் கூப்பிட வேண்டும். புழு விரும்புவது இருட்டும் அசையாத தூசியும். ஆகவே சோபாவுக்கு அடியில் போகும் பகுதியை மாதம் ஒருமுறையாவது தூக்கி, இரண்டு பக்கமும் வேக்குவம் செய்யுங்கள். சுழலும் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு, முடி படிந்த திசையிலேயே இழுக்க வேண்டும்.

கேள்வி: மடித்து அனுப்பிவிட்டார்கள். மடிப்புக் கோடு போகவில்லை, ஓரமும் சுருண்டு நிற்கிறது. அயர்ன் பண்ணலாமா?

பதில்: சூடு காட்டாதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் தோலின் நார் சுருங்கிவிடும், சுருங்கியது மறுபடி விரியாது. முடிப்பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, மடிப்பின் மேல் ஸ்ப்ரேயரால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் தெரிந்தால் போதும், ஊறக் கூடாது. கையால் இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துவிட்டு, துணி சுற்றிய பலகையைப் பாரமாக வைத்து 2, 3 நாள் விடுங்கள். சுருண்ட ஓரத்துக்கும் இதே வைத்தியம்தான். இனி எடுத்து வைப்பதாக இருந்தால் மடிக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள்.

கேள்வி: ஹாலில் எப்படிப் போட்டால் எடுப்பாக இருக்கும்?

பதில்: முழு மாட்டுத்தோல் ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2 மீட்டர் இருக்கும். அதன் அழகே ஒழுங்கற்ற ஓரம்தான், அதைச் சாமான்களுக்கு அடியில் ஒளித்துவிட்டால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. சுவருக்கு இணையாகப் போடாமல் சற்றுச் சாய்வாகப் போட்டுப் பாருங்கள். விளிம்பைவிட 5 செ.மீ. உள்ளே வரும்படி வழுக்காத வலையை வெட்டி அடியில் விரிக்க வேண்டும். அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி உருளும் இடம் ஆகாது, முடி முறியும். ஜன்னல் வெயிலும் ஆகாது. கருப்பு செம்பட்டையாகும், வெள்ளை மஞ்சளிக்கும். குளியலறை வாசலில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

சுவரில் மாட்டுவதானால் ஆணி அறையாதீர்கள், துளை நாளாக நாளாகக் கிழிந்து நீளும். ஃபெல்ட் ஒட்டிய இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே மேல் ஓரத்தை இறுக்கித் தொங்கவிடுங்கள். கழுத்துப் பக்கம் மேலே இருக்கட்டும். முடி கீழ்நோக்கிப் படிந்திருந்தால் தூசி அதிகம் தங்காது.

கேள்வி: தாத்தா காலத்துப் புலித்தோல் ஒன்று பெட்டியில் இருக்கிறது. எடுத்து மாட்டலாமா?

பதில்: எதற்கும் முன் உங்கள் நாட்டு வனவிலங்குத் துறையிடம் கேளுங்கள். வைத்திருக்கலாமா, கைமாற்றலாமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் முடிவு செய்யும். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடப்பில் உள்ள சைட்ஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் புலி, சிறுத்தை இரண்டும் இருக்கின்றன. பழையதுதானே என்று எல்லை தாண்டி எடுத்துப் போனால் சிக்கல். அதைவிட உடனடி ஆபத்து ஒன்று உண்டு. பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் தோலுக்கு ஆர்செனிக் பூசும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்த விஷம் காலத்தால் அழியாது. உதறாதீர்கள், அடிக்காதீர்கள், வேக்குவமும் வேண்டாம். கையுறையும் முகமூடியும் போட்டுத் தொடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

கேள்வி: விரிப்பில் பால் கொட்டிவிட்டது!

பதில்: தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. பிறகு மிதமான சோப்பின் நுரையை மட்டும் துணியில் எடுத்து, முடி படிந்த திசையில் துடைத்து, பிழிந்த ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிடுங்கள். அடிப்பக்கம் வரை பால் இறங்கியிருந்தால் அங்கேயும் இதேபோல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்றம் போகாது. நிழலில் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். வாஷிங் மெஷினில் போடலாம் என்று லேபிளில் எழுதியிருக்கும் செம்மறித்தோலைத் தவிர வேறு எதையும் அதில் போடாதீர்கள்.