பதில்: தாத்தா பொம்மைக்குச் சட்டைக் கை ஏறலை

தோழி, எட்டு அங்குல கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு சாட்டின் சட்டை தைச்சா கை ஏறலை, ஓரமெல்லாம் நூல் பிரியுதுன்னு எழுதியிருந்தீங்க. தைக்கிற வரிசையை மாத்துங்க. நம்ம சட்டை மாதிரி பக்கத்தை மூடிட்டுக் கையைப் பொருத்தினா, அந்தச் சின்ன வளையத்துக்குள்ள மிஷின் கால் நுழையவே நுழையாது. தோளை மட்டும் சேர்த்து, துணியைத் தட்டையா விரிச்சுக் கையை வச்சுத் தையுங்க. அப்புறம் கை நுனியிலிருந்து அக்குள் வழியா இடுப்பு வரைக்கும் ஒரே ஓட்டம். அக்குள் வளைவுல, தையல்ல படாம, சின்னதா கத்திரி போடுங்க. இல்லேன்னா திருப்பும்போது இழுக்கும். முதுகை முழுசாத் திறந்து வெல்க்ரோ வைங்க. பொம்மை கையை மடக்கிக் கொடுக்காது, நாமதான் மாட்டிவிடணும்!

சாட்டின்ல தையலுக்குக் கால் அங்குலமாவது விடுங்க. பாலியெஸ்டர்னா ஓரத்தை மெழுகுவத்திக்குக் கிட்ட காட்டினா லேசா உருகி நிக்கும். முதல்ல ஒரு துண்டுல பாருங்க, பருத்தின்னா கருகிடும்.

என்னைக் கேட்டா, நெய்யாம இழையை அழுத்திச் செய்யற ஃபெல்ட் துணிக்கே மாறிடுங்க. நூலே பிரியாது, மடிச்சு அடிக்கவும் வேண்டாம். ஊர் ராயபுரம்னு போட்டிருக்கீங்க, துணிக்கடைங்க நிறைஞ்ச எம்.சி. ரோடு பக்கம்தானே? டிசம்பர் கூட்டத்துக்கு முன்னாடி போய்ட்டு வந்துடுங்க.