இரவில் தேய்ப்பதை விடுங்கள், பகலில் மூடுங்கள்

"அக்கா, எனக்கு 29 வயது. விற்பனைப் பிரிவில் வேலை. காலை பத்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தால் நான்கு மணி வரை அலைச்சல்தான். தினமும் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன், ஆனாலும் இந்தக் கோடையில் முகமும் கையும் கருத்துப்போய்விட்டன. ராத்திரி எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்துத் தேய்க்கிறேன், இப்போது எரிகிறது. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு, பவுடர் போட்டால் இன்னும் கூடுகிறது. இடுப்பில் வட்டமாக ஒரு அரிப்பு வேறு, மருந்துக்கடையில் கொடுத்த கிரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் வந்துவிடுகிறது. எஸ்பிஎஃப் 100 வாங்கிவிடலாமா? அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம், அதற்குள் பழைய நிறம் வந்துவிடுமா?"
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

முதலில் அந்த எலுமிச்சையைக் கீழே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நம்மைப்போல மாநிறமோ கருப்போ உள்ள தோலுக்கு ஒரு குணம் உண்டு: எங்கே எரிச்சல் வந்தாலும், சின்னக் கீறல் விழுந்தாலும், ஆறிய பிறகு அந்த இடத்தில் ஒரு கரும்படலம் விட்டுவிட்டுத்தான் போகும். பரு போன இடத்தில் கரும்புள்ளி நிற்கிறதே, அதே கதைதான். சர்க்கரைக் கட்டிகளின் முனை தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது, அதன்மேல் எலுமிச்சையின் புளிப்பு இறங்குகிறது, தோல் எரிகிறது, மறுநாள் அதே தோலோடு வெயிலில் போய் நிற்கிறீர்கள். கருமையைப் போக்க என்று நீங்கள் செய்வதே கருமையை வளர்த்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எலுமிச்சையில் இன்னொரு விவகாரமும் இருக்கிறது. அதிலுள்ள சில பொருள்கள் தோலில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்தே போகும், கொப்புளம்கூட வரும். வெயிலில் உட்கார்ந்து பழம் பிழிந்தவர்களின் புறங்கையில் சாறு வழிந்த கோடு அப்படியே கருத்து, வாரக்கணக்கில் மாறாமல் நிற்பதைத் தோல் மருத்துவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். ராத்திரிதானே, கழுவிவிடுகிறேனே என்று சமாதானம் சொல்லாதீர்கள், எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது போதும்.

சரி, சன்ஸ்கிரீனுக்கு வருவோம். எஸ்பிஎஃப் 100 வேண்டாம். எஸ்பிஎஃப் 30 போட்டால் தோலைச் சுடும் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கப்படும், 50 போட்டால் 98, நூறு போட்டால் 99. எண் இரட்டிப்பாவதால் காவல் இரட்டிப்பாவதில்லை. உங்கள் சிக்கல் எண்ணில் இல்லை, அளவில் இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். டப்பாவில் அச்சிட்டிருக்கும் அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் கெட்டியாகப் பூசிச் சோதித்து வந்தது. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? பட்டாணி அளவு எடுத்து, நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்தில் ஒவ்வொரு பொட்டு, தேய்த்து முடித்தாகிவிட்டது. அந்தப் பூச்சுக்கு 50 என்பதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு நீளத்துக்குப் பிதுக்குங்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அவ்வளவு வேண்டும். முதல் நாள் பார்த்தால் இவ்வளவா என்று இருக்கும். ஒரே தடவையில் அப்ப முடியாவிட்டால் பாதியைப் பூசி, அது ஊறியதும் மீதியைப் பூசுங்கள். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை, காலையில் போட்டது மாலை வரை தாங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும், வியர்த்துக் கொட்டினால் அதற்கும் முன்பே. நடுத்தெருவில் நின்றுகொண்டு முகத்துக்குக் கிரீம் பூசச் சொல்கிறீர்களா அக்கா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நாள் முழுக்கக் கறாராக முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் மதியம் சாப்பிட உட்காரும் இடத்தில் ஒரு தடவை நிச்சயம் முடியும்: கைக்குட்டையால் வியர்வையை ஒற்றி எடுங்கள், துடைத்து இழுக்காதீர்கள், இழுத்தால் மிச்சமிருக்கும் பூச்சும் அதோடு வந்துவிடும், ஒற்றிய பிறகு மறுபடி பூசுங்கள். புறங்கை, காது மடல், பிடரி, செருப்பு மறைக்காத பாதம், இவை நான்கும் எல்லோரும் மறக்கிற இடங்கள். சன்ஸ்கிரீனை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டு வைக்க வேண்டாம், அந்தச் சூட்டில் அது கெட்டுப்போகும், கைப்பையில் வையுங்கள்.

வாங்கும்போது எஸ்பிஎஃப் மட்டும் பார்க்காதீர்கள். அது புற ஊதா பி கதிருக்கான கணக்கு மட்டும்தான். ஏ என்று இன்னொரு வகை இருக்கிறது, சுடாது, சிவக்காது, ஆனால் தோலின் ஆழம்வரை இறங்கிக் கருமையையும் சுருக்கத்தையும் கொடுக்கும். சாதாரணக் கண்ணாடி ஜன்னலை பி வகையால் கடக்க முடியாது, ஏ வகை கடந்துவிடும். 2012ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 69 வயது, 28 வருடம் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் முழுக்கத் தடித்து, பள்ளமும் மேடுமாகச் சுருங்கிப்போயிருக்கும், வலது கன்னம் அவர் வயதுக்குச் சாதாரணமாக இருக்கும், ஒரே முகத்தில் அப்பாவும் மகனும் போல. பஸ்ஸில் ஜன்னலோரம் போகிறவர்களுக்கும், கண்ணாடி பக்கம் மேசை போட்டு உட்காருகிறவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். அதனால் டப்பாவில் பிஏ என்ற எழுத்துகளும் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகளும் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் ஏ வகைக்கான அடையாளம். கன்னத்தில் மங்கு மாதிரி திட்டுத்திட்டாக இருந்தால், தோல் நிறத்திலேயே வருகிற சன்ஸ்கிரீனாக எடுங்கள். அதில் நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கிறது, மங்கைக் கூட்டுவதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு.

இப்போது நிறையப் பேர் ஏமாறுகிற இடம். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. நமக்கு உச்சி வெயில் கொளுத்துவது மதியம் இரண்டு மூன்று மணி என்று தோன்றும், ஏனென்றால் தரையும் சுவரும் சூடாகிக் காற்று கொதிப்பது அப்போதுதான். ஆனால் கதிர் உச்சத்தில் இருப்பது சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போது, அதாவது நண்பகலை ஒட்டி. பதினொரு மணிக்குக் கொஞ்சம் காற்று வீசுகிறது, பரவாயில்லை என்று நீங்கள் சுற்றுகிற நேரம்தான் தோலுக்கு மோசமான நேரம். மாலை ஐந்து மணிக்கு அனல் அடித்தாலும் கதிர் இறங்கியிருக்கும். மேகம் போட்டால் கண் கூசாது, அவ்வளவுதான், மெல்லிய மேகத்தைக் கதிர் பெருமளவு தாண்டி வந்துவிடும். கைப்பேசியில் வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு புற ஊதாக் குறியீடும் காட்டும், 3க்கு மேல் போனாலே காப்பு வேண்டும், 8க்கு மேல் என்றால் ரொம்பக் கடுமை, 11 தொட்டால் உச்சம். போனை எடுக்கச் சோம்பலாக இருந்தால் தரையைப் பாருங்கள், உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அது ஒதுங்க வேண்டிய நேரம். வேலையை விடச் சொல்லவில்லை. பதினொன்றிலிருந்து இரண்டு வரை உள்ளே உட்கார்ந்து பேசக்கூடிய வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு, தெருத்தெருவாக அலைவதை முன்னும் பின்னும் தள்ள முடியுமா என்று ஒருமுறை அட்டவணையைப் பாருங்கள். எந்தக் கிரீமைவிடவும் அது அதிகம் செய்யும்.

அதற்கு அடுத்தது துணி. துணிக்கு இரண்டு மணி நேரக் கணக்கெல்லாம் இல்லை, வியர்வையில் வழிந்து ஓடாது. முழுக்கைச் சட்டை, ஸ்கூட்டர் ஓட்டும்போது கையுறை, பிடரி வரை சுற்றிய துணி. எந்தத் துணி என்று தெரிய, அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். உங்கள் விரல்கள் நிழலாடினால் கதிரும் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டால் அதன் காப்பு இன்னும் குறைந்துவிடும். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்நிறமான, ஆனால் உடம்பைப் பிடிக்காத துணியே சரி.

பிடிக்காத துணி என்று சொன்னதற்கு வேர்க்குருவும் காரணம். அது அழுக்கால் வருவதில்லை, அதனால் அதைத் தேய்த்துக் கழுவிப் போக்கவும் முடியாது. வியர்வை வெளியே வரும் நுண்ணிய குழாயின் வாய் அடைத்துக்கொள்கிறது, உள்ளே சுரந்தது வெளியேற வழியில்லாமல் தோலுக்குள்ளேயே கசிந்து, சிவந்து, முள்ளாய்க் குத்துகிறது. அதன்மேல் பவுடரைக் கொட்டினால் வியர்வையில் குழைந்து களிம்பாகி இன்னும் நன்றாக அடைக்கும், நீங்கள் கவனித்தது சரிதான். எண்ணெயும் கெட்டிக் கிரீமும் அப்படியே. இதற்கு மருந்து குளிர்ச்சிதான்: வீட்டுக்கு வந்ததும் ஈர உடுப்பை மாற்றி, குளிர்ந்த தண்ணீரில் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் தோலை உலரவிடுங்கள். அரிப்பு தாங்கவில்லை என்றால் கேலமைன் லோஷன் மெல்லிசாகத் தடவலாம். வியர்ப்பதைக் குறைத்தால் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ராத்திரிக்கு என்ன செய்வது என்றால், ஒன்றும் பெரிதாக இல்லை. காரம் குறைந்த முகக் கழுவியால் ஒருமுறை கழுவி, எண்ணெய்ப் பிசுக்கில்லாத மாய்ஸ்சரைசர் தடவினால் ஆயிற்று. வெயில் காலத்தில் முகம் வழிகிறதே, மாய்ஸ்சரைசர் எதற்கு என்பார்கள், வழிவது எண்ணெய், வறண்டு கிடப்பது தோல், இரண்டும் ஒரே முகத்தில் இருக்க முடியும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், அது தோல் பளபளக்கும் என்பதற்காக இல்லை, வியர்வையில் போனதை ஈடுகட்ட. பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையோ ரெட்டினால் கிரீமோ எடுத்துக்கொண்டிருந்தால் அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும்.

கல்யாணத்துக்குள் நிறம் வருமா? முழுசாக வராது. தோலின் மேல்படலம் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வெயில் கருமை முழுதும் வடிய அதைவிட நாள் பிடிக்கும், அதுவும் புதிதாக வெயில் ஏறாமல் இருந்தால்தான். இன்றைக்கு ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் எரிச்சல் போய், வித்தியாசம் தெரிகிற அளவுக்குக் கருமை குறையும். அந்த அவசரத்தில் ஒரே வாரத்தில் வெளுப்பாக்கும் என்று யாராவது நீட்டுகிற கிரீமை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அப்படி வேகமாக வெளுக்க வைப்பவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும் பிடிபட்டிருக்கின்றன. கல்யாண வாரத்தில் முதல் தடவையாக பிளீச், ஃபேஷியல் என்று எதையும் தொடங்க வேண்டாம். மணப்பெண்ணுக்கு அக்கா என்ற நிறத்தில் நீங்கள் நின்றால் போதும், யாரும் அளவுகோல் கொண்டு வரப்போவதில்லை.

கடைசியாக அந்த வட்ட அரிப்பு. கடிதத்தில் மற்றதை எல்லாம் விட எனக்கு உறுத்துவது அதுதான். இடுப்பில், ஓரம் சிவந்து நடுவில் தெளிந்து, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் அது பெரும்பாலும் படர்தாமரை, பூஞ்சைத் தொற்று, வியர்வை தேங்கும் மடிப்புகளில் கோடையில் பிடித்துக்கொள்ளும். போட்டால் அடங்கி, விட்டால் திரும்பும் கிரீம் என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது, உள்ளுக்குள் அது பரவிக்கொண்டே இருக்கும், வட்டத்தின் உருவமே மாறி மருத்துவருக்குக்கூடக் கண்டுபிடிக்கச் சிரமமாகிவிடும். அதனால் கிரீமை நிறுத்திவிட்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், போகும்போது அந்த டியூபையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை நாள் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் கொடுக்கும் மருந்தை அரிப்பு நின்றவுடன் நிறுத்தாமல் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இதே அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். துண்டையும் உள்ளாடையையும் தனியாகத் துவைத்து, நன்றாக வெயிலில் காயப்போடுங்கள்.