பச்சோந்தி என்று எழுதினால் போதுமா? மலாவி இலக்கியம் பற்றி வாசகர் கேள்விகள்

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், ஒரு பெரிய ஏரியின் கரையில் நீண்டு கிடக்கும் சிறு நாடான மலாவியின் எழுத்தாளர்களைப் பற்றி வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்): காற்றாலை செய்த மலாவிச் சிறுவனின் கதையை எங்கள் வாசகர் வட்டத்தில் படித்தோம். அதற்கு அப்பால் அந்த நாட்டில் படிக்க என்ன இருக்கிறது? எதில் தொடங்கலாம்?

பதில்: வில்லியம் கம்க்வாம்பா பஞ்சத்தால் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டில் இருந்தவர், டிராக்டர் விசிறியையும் சைக்கிள் சட்டத்தையும் கொண்டு மின்சாரம் எடுத்தவர். 2009-இல் வெளிவந்த அந்த நூல் நல்ல நூல்தான். ஆனால் மலாவி என்றாலே அந்த ஒரு புத்தகம் என்று ஆகிவிட்டதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

நீங்கள் லெக்சன் கயீராவின் தன்வரலாற்றில் தொடங்கலாம். நாடு நியாசாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த 1958-இல், மேற்படிப்புக்காக அமெரிக்கா போகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு, சில நாள் சாப்பாட்டுடன் பதின்ம வயதுப் பையன் ஒருவன் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கி, சூடானின் கார்ட்டூம் நகரை எட்டி, அங்கிருந்து உண்மையாகவே அமெரிக்கக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த கதை அது; 1965-இல் வெளிவந்தது. அதே கயீரா 1974-இல் எழுதிய நாவலில், வைத்தியத்துக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு கிழவர், ஆளுங்கட்சி இளைஞர் படையிடம் சிக்கிக் காணாமற்போகிறார். சுதந்திரம் வந்த 10 ஆண்டுக்குள் ஓர் எழுத்தாளனின் கதை இப்படித் திரும்பியதற்கான காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி (கல்லூரி மாணவர், காசிமேடு): ஜாக் மபாஞ்சே என்ற கவிஞர் ஒரு கவிதைத் தொகுப்புக்காகச் சிறை சென்றார் என்று படித்தேன். ஒரு கவிதைப் புத்தகத்துக்கு அரசாங்கம் அவ்வளவு பயப்படுமா?

பதில்: தம்பி, கவிதைதான் காரணம் என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை, எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. மலாவி 1964-இல் விடுதலை பெற்றது. அதை ஆண்ட ஹேஸ்டிங்ஸ் பண்டா 1971-இல் வாழ்நாள் குடியரசுத் தலைவரானார். 1994 தேர்தலில் தோற்கும் வரை பதவியில் இருந்தார். 1968-இல் வந்த தணிக்கைச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியம், நூல், நாடகம், திரைப்படம் எல்லாவற்றையும் சலித்தது.

இந்தச் சூழலில்தான் 1970-இல் மலாவிப் பல்கலைக்கழகத்தின் சான்சலர் கல்லூரியில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து ஓர் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கினார்கள். மபாஞ்சே, ஸ்டீவ் சிமோம்போ, ஃபிராங்க் சிபசூலா, ஃபெலிக்ஸ் ம்ந்தாலி எனப் பிற்காலத்தில் பெயர்பெற்ற பலர் அதில் இருந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது வழக்கம். எதை நேராகச் சொல்லக்கூடாது, அதை எந்தப் பழங்கதைக்குள் வைத்துச் சொன்னால் கேட்பவனுக்கு விளங்கும் என்ற பயிற்சியும் அதோடு சேர்ந்தே நடந்தது. நம் வியாசர்பாடிப் பக்கத்துக் கானாப் பாடகர் ஒருவர் வட்டத்துப் பெரிய மனிதரைப் பற்றிப் பாடும்போது பெயரைச் சொல்லமாட்டார். கூட்டமும் யாரென்று கேட்காது, ஆனால் சரியான இடத்தில் சிரிக்கும். அங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான். சிமோம்போ தம் கவிதைகளில் 'நபோலோ'வைத் திரும்பத் திரும்ப அழைத்தார். அது மலைக்கடியில் வாழ்வதாக மக்கள் நம்பும் பாம்பு. 1946-இல் சோம்பா மலைச்சரிவு வெள்ளத்தோடு பெயர்ந்து வந்தபோது நபோலோ புரண்டது என்றார்கள். ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பாம்புக் கவிதையைத் தணிக்கை அதிகாரி என்ன சொல்லி நிறுத்துவார்?

மபாஞ்சேயின் முதல் தொகுப்பு 1981-இல் லண்டனில் வெளிவந்தது. 1985-இல் அது மலாவியின் கடைகளிலிருந்தும் கல்விக்கூடங்களிலிருந்தும் விலக்கப்பட்டது. ஆங்கிலத் துறையின் தலைவராக இருந்த அவரை 1987 செப்டம்பர் 25 அன்று கைது செய்து மிக்கூயுச் சிறையில் அடைத்தார்கள். லண்டனில் மலாவித் தூதரகத்தின் முன் நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டர் உள்ளிட்டோர் அவருடைய கவிதைகளை உரக்கப் படித்து விடுதலை கோரினார்கள். 1991 மே 10 அன்று, அவருடைய கணக்கிலேயே 3 ஆண்டு 7 மாதம் 16 நாள் கழித்து, காரணம் சொல்லாமலே விட்டுவிட்டார்கள்.

சிறைக் கவிதைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முன்பிருந்த கைதிகள் அறைச் சுவரில் கிறுக்கி வைத்தவற்றைத் தேய்த்துக் கழுவும்படி கட்டளை வருகிறது. நாட்டின் நினைவிலிருந்து அழித்த பெயர்கள் ஏற்கெனவே போதும், இன்னொன்றை நான் அழிக்கமாட்டேன் என்று கைதி மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறான். தன் பெயரை அங்கே எழுதவும் மாட்டேன் என்கிறான். அந்த இரண்டாவது மறுப்பை முதல்முறை படித்தபோது நான் கவனிக்காமல் தாண்டிப் போனேன். இப்போது அந்தக் கவிதையே அதில்தான் நிற்கிறது என்று தோன்றுகிறது.

கேள்வி (இல்லத்தரசி, தண்டையார்பேட்டை): இவர்கள் எல்லாருமே ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்களா? தாய்மொழியில் யாரும் இல்லையா?

பதில்: இருக்கிறார்கள், முன்னோடியே தாய்மொழிக்காரர்தான். சாமுவேல் ந்தாரா சிச்சேவா மொழியில் எழுதிய 'ந்தோண்டோ' 1933-இல் வந்தது. ஆங்கிலத்தில் நாவல்கள் வந்தது அதற்கு 30 ஆண்டுக்குப் பிறகு. 1968-இல் சிச்சேவா தேசிய மொழியானது. அதை அவ்வளவு போற்றிய பண்டா, கூட்டங்களில் தாம் மட்டும் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்று ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னார் என்பது தனி வேடிக்கை. வடபகுதியின் தும்புகா மொழியை வானொலியிலிருந்தும் அச்சிலிருந்தும் ஒதுக்கியது வேடிக்கையில் சேராது.

எழுதாத இலக்கியம் இன்னும் பெரியது. உரலில் மக்காச்சோளம் இடிக்கும்போது பெண்கள் பாடும் பாட்டில் கணவனையும் மாமியாரையும் வெளிப்படையாகத் திட்டலாம். உலக்கை கையில் இருக்கும்வரை அது பாட்டு, வசவாகாது. நமக்கு இது புதிதில்லை. கலித்தொகையின் வள்ளைப்பாட்டில் உலக்கை போட்டபடி ஒருத்தி தலைவனைப் பழிக்க, இன்னொருத்தி புகழ்கிறாள். திருவொற்றியூரில் என் பாட்டி அரிசி இடிக்கும்போது பாடியதில் பாதி, தாத்தாவின் காதில் விழவேண்டும் என்பதற்காகவே பாடியது.

கேள்வி (வாசகி, இராயபுரம்): பெண் எழுத்தாளர் ஒருவரையாவது சொல்லுங்கள்.

பதில்: உபிலே சிசாலா. சோம்பாவில் பிறந்தவர், 2015-இல் முதல் தொகுப்பு. குறுங்கவிதைகள், கைப்பேசியில் படிக்கும் தலைமுறைக்கு நெருக்கமானவை. சில எனக்கு மிகவும் இனிப்பாக இருக்கின்றன, உங்களுக்குப் பிடிக்கலாம்.

கேள்வி (இளைஞர், வியாசர்பாடி): மபாஞ்சேயின் கவிதைகளைத் தமிழாக்க முயல்கிறேன். முதல் தொகுப்பின் பெயரிலேயே பச்சோந்தி வருகிறது. அப்படியே எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் நம் மேடைப்பேச்சு அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கிறது. பச்சோந்தி என்றவுடன் தமிழ் வாசகர் கட்சி மாறியவரைத்தான் நினைப்பார். சிச்சேவா பேசும் சேவா மக்களின் தொல்கதை வேறு. காபிரிந்திவா என்ற குன்றில் கடவுளும் மனிதரும் விலங்குகளும் ஒன்றாக வாழ்ந்தார்கள். மனிதன் இரண்டு குச்சிகளைக் கடைந்து நெருப்பை உண்டாக்க, புல் பற்றிக்கொண்டது. நாயும் ஆடும் மனிதனிடம் ஓடின. மற்றவை காட்டுக்குள் ஓடின. பச்சோந்தி ஒரு மரத்தில் ஏறி, தன்னைப் பின்தொடரும்படி கடவுளைக் கூப்பிட்டது. தமக்கு வயதாகிவிட்டது, மரம் ஏற முடியாது என்றார் அவர். பிறகு சிலந்தி பின்னிய நூலைப் பிடித்து வானத்துக்குப் போனார்.

ஆக, அந்தப் பிராணி நெருப்புக்குத் தப்பியது, கடவுளை எச்சரித்தது. மபாஞ்சேயிடம் நிறம் மாற்றுகிறவர்களுள் அரசியல்வாதியும் உண்டு, பிடிபடாமல் எழுதவேண்டிய கவிஞரும் உண்டு. ஒவ்வொரு கவிதைக்கும் அடிக்குறிப்பு போடாமல், முன்னுரையில் ஒரே ஒரு முறை இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். சொல்லை மாற்றவேண்டாம்; ஓணான் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது வேறு பிராணி.