ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் வெப்பத் தடுப்பு ஃபிலிம் ஒட்டலாமா?

கேள்வி: திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக ஃப்ரிட்ஜ் மேல் விழுகிறது, பக்கத் தகடு கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. வீடு தேடி வந்த ஒருவர், ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கத்துக்கும் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கும் வெள்ளி நிற ஃபிலிம் ஒட்டினால் கரண்ட் பில் 30 சதவீதம் குறையும் என்கிறார். மொத்தம் 6,500 ரூபாய். 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன், மாதிரிக்கு ஒரு பக்கம் ஒட்டியும் போய்விட்டார். மீதியையும் ஒட்டச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். ஒட்டியதையும் எடுத்துவிடுங்கள்.

அந்தத் தகடு சுடுவதற்கு வெயில் ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் ஃப்ரிட்ஜேதான். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிற இயந்திரம். இப்போது வருகிற பெரும்பாலான மாடல்களில் அந்தச் சூட்டை வெளியேற்றும் குழாய், பக்கத் தகட்டுக்கு உள்புறம் ஒட்டினாற்போல் வளைந்து வளைந்து ஓடுகிறது. தகட்டிலிருந்து சூடு இரண்டு வழியில் போகும்: காற்று எடுத்துக்கொண்டு போவது ஒன்று, கதிராக வெளியேறுவது ஒன்று, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பளபளப்பான ஃபிலிம் அந்த இரண்டாவது வழியை அடைக்கிறது. சப்பாத்தியைச் சூடு போகாமல் இருக்கப் பளபளக்கும் தாளில் சுற்றுகிறோமே, அதையே சூட்டை வெளியே விட வேண்டிய பொருளுக்குச் செய்தால் என்ன ஆகும்? கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். குமிழ் வைத்த தடித்த ஷீட் என்றால் இரண்டு வழியும் போச்சு.

வெயிலைத் திருப்பி அனுப்புமே என்பார். அனுப்பும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் வெயில் விழுவது மூன்று மணி நேரம், ஃப்ரிட்ஜ் ஓடுவது 24 மணி நேரம். மூன்று மணி நேர லாபத்துக்கு 21 மணி நேர நஷ்டம்.

ஏசி அவுட்டோருக்கு இன்னும் மோசம். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் சூட்டை எடுத்து, கம்ப்ரசர் தின்கிற கரண்டின் சூட்டையும் சேர்த்து ஆறு, ஏழு கிலோவாட் வெளியே தள்ளுகிறது. பெட்டி மேல் விழுகிற வெயில் அதில் சின்னப் பங்கு. அதற்குத் தேவை காற்றோட்டம்தான். பின்பக்க வலையையும் பக்கத் துவாரத்தையும் சேர்த்து வெள்ளி ஷீட்டால் மூடியிருந்த ஒரு வீட்டுக்கு நான் போனேன், மதியம் ஆனால் ஏசி தானாக நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஷீட்டைக் கிழித்துப் போட்டு, சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருளை (காயில்) தண்ணீர் அடித்துக் கழுவினேன், ஓடியது. அதற்கு முன்பு வந்த கம்பெனி ஆள், ஷீட் ஒட்டியதைக் காட்டி வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

உங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு சிவப்பு பல்பு கொண்டு வந்தாரா? கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் கை வைக்கச் சொல்லி, ஃபிலிம் இல்லாமல் சுடுகிறது பாருங்கள், ஃபிலிம் போட்டால் சுடவில்லை பாருங்கள் என்று காட்டுவார்கள். அந்த பல்பிலிருந்து வருவது கிட்டத்தட்ட முழுக்க அகச்சிவப்புக் கதிர். சூரிய வெயிலில் அகச்சிவப்பு ஏறக்குறைய பாதிதான், மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், அதுவும் சூடுதான். '95 சதவீதம் வெப்பம் தடுக்கும்' என்று அட்டையில் போடுவது பல நேரம் அகச்சிவப்புக்கு மட்டுமான எண். நீங்கள் கேட்க வேண்டியது மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று, டி.எஸ்.இ.ஆர். என்று குறிப்பிட்டிருப்பார்கள். அதைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் ஆளை அனுப்பிவிடுங்கள். இன்னும் சிலர் அடுப்பங்கரைச் சுவரில் எண்ணெய் தெறிக்காமல் ஒட்டுகிற அலுமினிய ஸ்டிக்கர் ரோலையே இந்த விலைக்கு விற்கிறார்கள்.

'அடுத்த பில்லில் தெரியும்' என்று தைரியமாகச் சொல்வார்கள், ஏனென்றால் நம் ஊரில் மீட்டர் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மே மாதம் ஒட்டினால் ஜூலையில் பில் வரும், அதற்குள் அக்னி நட்சத்திரம் முடிந்திருக்கும், காற்று அடிக்க ஆரம்பித்திருக்கும், பில் தானாகக் குறையும், பெயர் ஃபிலிமுக்குப் போகும். மாதா மாதம் கணக்கெடுங்கள் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! புது ஃப்ரிட்ஜ் என்றால் நட்சத்திரக் குறியீடு இருக்கிறது, அதன்மேல் எவனோ வந்து ஒட்டுகிற ஷீட்டைச் சோதித்துப் பார்க்க ஒருவரும் இல்லை. வெறும் கப்பாசிட்டரைப் பெட்டிக்குள் வைத்து 'பவர் சேவர்' என்று விற்றவர்களும் இப்படித்தான் பிழைத்தார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பழைய மாடல்களில் ஃப்ரிட்ஜின் முதுகில் கறுப்புக் கம்பி வலை தெரியும், சூடு அதன் வழியாகத்தான் போகும், பக்கத் தகடு குளிர்ச்சியாகவே இருக்கும். உங்களுடையது எந்த வகை என்று மாலையில் தொட்டுப் பார்த்தால் தெரியாது, வெயில் குழப்பிவிடும். காலை ஆறு மணிக்கு, கம்ப்ரசர் அரை மணி நேரம் ஓடியபின் தொடுங்கள். பக்கத் தகடு வெதுவெதுப்பாக இருந்தால் குழாய் அங்கே இருக்கிறது, ஃபிலிம் பேச்சே வேண்டாம். இரண்டு பக்கமும் சில்லென்று இருந்து, முதுகில் கம்பி வலையும் இருந்தால் மட்டும், வெயில் படுகிற பக்கத்துக்கு வெள்ளை ஃபிலிம் ஒட்டலாம், கெடுதல் இல்லை. முதுகை மூடக் கூடாது. ஆனால் அந்த வயசு ஃப்ரிட்ஜில் கதவு ரப்பர்தான் முதலில் தளர்ந்திருக்கும்: பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ஃபிலிமுக்குக் கொடுக்கிற பணத்தில் ரப்பரை மாற்றுங்கள்.

சரி, வெயிலுக்கு என்ன செய்வது? ஜன்னலிலேயே நிறுத்துங்கள், முடிந்தால் கண்ணாடிக்கு வெளியே. மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ போதும், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கட்டுங்கள். ஃபிலிமுக்கு உரிய இடமும் ஜன்னல் கண்ணாடிதான். ஆனால் சமையலறையில் பெரும்பாலும் சொரசொரப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள், அந்தப் பக்கத்தில் அது ஒட்டாது. அதோடு சாயங்காலம் காபி போடும்போது ஜன்னலைத் திறந்துதானே வைப்பீர்கள், திறந்த ஜன்னலில் ஃபிலிமுக்கு வேலை இல்லை. அதனால் தட்டியே மேல். அப்புறம் ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், இரண்டு பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர், இடமிருந்தால் 10. மேலே விரித்துப் பக்கவாட்டில் பை பையாகத் தொங்கும் துணிக் கவர் போட்டிருந்தால் அதையும் எடுங்கள், மாத்திரை அட்டையும் பழைய பில்லும் வைக்க வேறு இடமா இல்லை!

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் ரசீதையோ பணம் அனுப்பிய விவரத்தையோ வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். ஒட்டிய ஃபிலிமைத் தகடு சூடாக இருக்கும் மாலை நேரத்தில் ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள், பசை இளகி வந்துவிடும். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தால் போகும். கத்தி, பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டாம், அந்தத் தகட்டுக்கு அடியில்தான் கேஸ் குழாய் ஓடுகிறது.