வெல்டிங் மறுபடி வெடித்த அலுமினியப் படகு: டீலர் கைவிரிக்கலாமா?

கேள்வி: 2024 மே மாதம் டீலர் ஒருவரிடம் 18 அடி வெல்டிங் அலுமினிய மீன்பிடிப் படகு புதிதாக வாங்கினேன். 115 குதிரைவலு என்ஜினும் ட்ரெய்லரும் சேர்த்து 46,000 டொலர். அந்த அக்டோபரில் படகின் அடிக்குள் தண்ணீர் நின்றது. பின்பலகைக்கு இரண்டடி முன்னால், உள்ளே தாங்குசட்டம் ஒட்டியிருக்கும் வரியில், விரல் நீளத்துக்கு வெடிப்பு. 2025 ஏப்ரலில் டீலர் வெல்டிங் போட்டுத் தந்தார். ஆகஸ்டில் அதே இடம் மறுபடி வெடித்தது. “வாழ்நாள் உத்தரவாதம் பிரதான மூட்டுகளுக்கு மட்டும்தான். நீங்கள் சிம்கோ ஏரி அலையில் அடித்து ஓட்டியிருக்கிறீர்கள், ட்ரெய்லரும் படகை ஒழுங்காகத் தாங்கவில்லை. தயாரித்த கொம்பனியைக் கேளுங்கள்” என்கிறார். விரும்பினால் இன்னொரு முறை இலவசமாக வெல்டிங் போட்டுத் தருவாராம். புதுப் படகு கேட்க முடியுமா? – வாசகர், மார்க்கம்.

பதில்: அந்த இலவச வெல்டிங்குக்கு இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்த வெடிப்புத்தான். கிரைண்டர் வைத்து வழித்து மேலே புதிதாக வெல்டிங் ஓட்டிவிட்டால், தயாரிப்புப் பிழையா, நீங்கள் ஓட்டிய விதமா என்பதை யாராலும் படித்துச் சொல்ல முடியாது. படகை ஏரியில் இறக்கவும் வேண்டாம். தெரிந்தே ஓட்டிப் பெருப்பித்த சேதத்துக்கு நீதிமன்றம் நட்டஈடு தராது.

டீலர் சொல்வதில் பெரிய ஓட்டை, உத்தரவாதப் பத்திரம்தான் உங்கள் உரிமை முழுவதும் என்று நினைப்பது. ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டம், 15ஆம் பிரிவு, விற்பவர் மீதே இரண்டு நிபந்தனைகளை ஏற்றுகிறது: பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும், எதற்கு வேண்டுமென்று சொல்லி, அவர் அறிவை நம்பி வாங்கினீர்களோ அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, இவற்றை மறுக்கும் எந்த வாசகமும் நுகர்வோர் ஒப்பந்தத்தில் செல்லாது. பிரதான மூட்டு, துணை மூட்டு என்ற பிரிப்பெல்லாம் தயாரிப்பாளர் தன் பத்திரத்தில் தனக்கு வைத்துக்கொண்ட வேலி. காசு வாங்கி விற்றவர் அதற்குப் பின்னால் ஒளிய முடியாது. (தனியாள் ஒருவரிடம் பழைய படகாக வாங்கியிருந்தால் இந்த 15ஆம் பிரிவு உதவாது. உங்கள் அதிர்ஷ்டம், டீலரிடம் வாங்கியது.)

புதுப் படகு கிடைப்பது கடினம். இரண்டு பருவம் வைத்து ஓட்டிய பிறகு, சட்டத்தின் கண்ணில் பொருளை ஏற்றுக்கொண்டவர் ஆகிவிடுவீர்கள்; அதன்பின் திருப்பிக் கொடுக்கும் உரிமை பொதுவாகப் போய், நட்டஈடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும். முழுப் பணத்தையும் கேட்டு நின்று, நியாயமான தொகையையும் இழந்து வருபவர்கள் உண்டு. முறையான பழுதுபார்ப்புச் செலவு, பரிசோதகர் கட்டணம், பழுது பார்த்த படகு என்பதால் விலை குறைவது: இவற்றைக் கேளுங்கள்.

இனி ஆதாரம். கடல்சார் சேவேயர் (படகைப் பரிசோதித்து அறிக்கை தருபவர்) ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். டீலர் காட்டும் ஆள் வேண்டாம். அலுமினிய வெல்டிங் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு அமர்த்துங்கள். வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. வெல்டிங் நிறுத்திய இடத்தின் குழியில் தொடங்கியிருந்தாலோ, வெட்டுமுகத்தில் நுண்துளைகள் தெரிந்தாலோ, உலோகம் சரியாக உருகிச் சேராமல் கோடாகப் பிரிந்திருந்தாலோ பிழை பட்டறையில். உள்ளே நுரையடைப்பு தண்ணீரை உறிஞ்சித் தகட்டோடு ஒட்டி நின்றாலும், செம்புச் சேர்மம் ஊறிய பதனிட்ட மரம் தகட்டில் பட்டிருந்தாலும் அலுமினியம் புள்ளிபுள்ளியாக அரித்துப்போகும். அது வேறு கதை. ஆனால் அந்த மரத்தைப் போட்டது யார் என்று பாருங்கள்.

சேவேயர் வருமுன் நீங்களே செய்யக்கூடிய ஒன்று: உறைபனிக் காலம் முடிந்ததும், ட்ரெய்லரில் இருக்கும் படகின் அடியைத் துடைத்துக் காயவைத்து, உள்ளே மூன்று அங்குலம் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ பாரம். ட்ரெய்லர் தாங்குமா என்று முதலில் பாருங்கள். வெளியே துளி அரும்பும் இடங்களை மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டு, அளவுநாடாவை அருகில் பிடித்துப் படமெடுங்கள். வெடிப்பு ஒன்று என்று நினைத்த இடத்தில் மூன்று தெரிவதும் உண்டு. மயிரிழை வெடிப்புகளை சேவேயர் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பூச்சுத் தெளித்துக் காட்டுவார். வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசியும். அந்தப் படம் நீதிபதிக்குப் பத்துப் பக்க அறிக்கையைவிட உதவும்.

முதல் முறை பழுதுபார்த்தது ஏன் நான்கு மாதத்தில் வீணாய்ப் போனது என்பதையும் அவர் எழுத வேண்டும். வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளையிட்டு அது ஓடாமல் நிறுத்தி, வெடித்த பகுதியை முழுதாக வழித்தெடுத்து, அருகிலுள்ள நுரையை அகற்றி, உள்ளே தாங்குசட்டத்தையும் சேர்த்து வெல்டிங் செய்வதுதான் முறை. வெளியிலிருந்து ஒரு வரி ஓட்டினால், ஏற்கெனவே சூட்டில் வலுக்குறைந்த தகடு இன்னும் வலுக்குறைந்து பக்கத்திலேயே வெடிக்கும். அந்த வேலையைச் செய்தது யார், அந்தப் பட்டறைக்கு அலுமினிய வெல்டிங்குக்கான கனடியத் தரச் சான்றிதழான சி.எஸ்.ஏ. டபிள்யூ47.2 உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

ட்ரெய்லர் குற்றச்சாட்டைக் கேட்டு நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அது அவர் தந்த பரிசாகப் படுகிறது. தாங்குபலகைகள் பின்பலகைக்கு முன்பே முடிந்து, என்ஜின் பாரம் வெளியே தொங்கினால் அடித்தகடு வளைந்து வளைந்து வெடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ட்ரெய்லரைத் தெரிவுசெய்து விற்றவரும், படகை அதில் ஏற்றிப் பொருத்தித் தந்தவரும் அவரே. பற்றுச்சீட்டில் படகு, என்ஜின், ட்ரெய்லர் மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா பாருங்கள். அதேபோல படகிலுள்ள இணக்கத் தகட்டில் (படகின் வரம்புகளைத் தயாரிப்பாளர் எழுதி ஒட்டியிருக்கும் தகடு) என்ஜின் உச்ச வலு எவ்வளவு என்று பாருங்கள். அது 115க்குக் குறைவாக இருந்தால், அந்த என்ஜினை விற்று மாட்டியவரே பதில் சொல்ல வேண்டும். சிம்கோவில் ஓட்டத்தான் வாங்குகிறேன் என்று முன்பே சொன்ன மின்னஞ்சல் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அறிக்கை வந்ததும் டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் கடிதம். கோபம் வேண்டாம், திகதி, தொகை, அறிக்கையின் பிரதி, 21 நாள் அவகாசம் போதும். “அறிக்கையில் உள்ள முறைப்படி, சான்றிதழ் பெற்ற பட்டறையில், உங்கள் செலவில்” என்ற சொற்கள் இருக்கட்டும். “பழுதுபார்த்துத் தரவும்” என்று மட்டும் எழுதினால் இன்னொரு வரி வெல்டிங்தான் கிடைக்கும்.

மறுத்தால் சிறு கோரிக்கை நீதிமன்றம். 2025 அக்டோபர் 1 முதல் அதன் உச்ச வரம்பு 50,000 டொலர், உங்கள் தொகை உள்ளே அடங்கும். வழக்குத் தொடங்கும் படிவம் 7ஏயை, டீலர் தொழில் நடத்தும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில், இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர்த்துப் பதியுங்கள். பதிலளிக்க அவர்களுக்கு 20 நாள். பிறகு, இரு தரப்பும் பேசித் தீர்க்க முயலும் கட்டாய இணக்க மாநாடு. என் கணிப்பில் உங்கள் விவகாரம் அந்த மேசையிலேயே முடியும். விசாரணைவரை போனால், சேவேயர் அறிக்கையை அவருடைய தகுதி விவரத்தோடு 30 நாள் முன்பே எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்க வேண்டும். வக்கீல்தான் வேண்டுமென்றில்லை; உரிமம் பெற்ற பாராலீகல் (சட்டத்துணைவர்) ஒருவரே இதை நடத்தலாம்.

கால எல்லைதான் எனக்குக் கவலை. வழக்குக்கு, பிழையை அறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. முதல் வெடிப்பைக் கண்டது 2024 அக்டோபர். ஆகவே 2026 அக்டோபரில் அதே திகதியைக் கடைசி நாளாக வைத்து நடங்கள். டீலர் இடையில் பழுதுபார்த்ததால் கடிகாரம் நின்றது என்று வாதிட இடமுண்டு, ஆனால் அந்த வாதத்தை நம்பி இருக்காதீர்கள். “கொம்பனி பதில் வரட்டும்” என்று அவர் இழுத்தால், கால எல்லையை நிறுத்திவைக்கச் சம்மதம் என்று ஒரு பக்க ஒப்பந்தத்தில் டீலரும் தயாரிப்பாளரும் கையெழுத்திடட்டும். மறுத்தால் அடுத்த வாரமே படிவத்தைப் பதியுங்கள்.